கோபால்ட் ப்ரிஸமா, இமைன் கூண்டா, வறுத்த கார்பனா: ஆக்சிஜன் ரிடக்ஷனுக்கு எதை எடுக்குறது

ஆக்சிஜன் ரிடக்ஷன்ல, அதாவது ஆக்சிஜனுக்கு எலக்ட்ரான் குடுத்து மாத்துற ரியாக்ஷன்ல, ஆராய்ச்சி ஆரம்பிக்கிறவங்க முதல்ல கேக்குறது எந்த கேட்டலிஸ்ட் எடுக்கலாம்னுதான். அதுக்கு நான் திருப்பி ஒண்ணு கேப்பேன், கடைசில உங்களுக்கு வேண்டியது தண்ணியா, ஹைட்ரஜன் பெராக்சைடா? ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு நாலு எலக்ட்ரானும் நாலு புரோட்டானும் வாங்குச்சுன்னா தண்ணி, ரெண்டு ரெண்டோட நின்னுடுச்சுன்னா பெராக்சைடு. முதல் பாதைக்கு 1.23 வோல்ட், ரெண்டாவதுக்கு சுமார் 0.70 வோல்ட். ஃபியூயல் செல்காரங்களுக்கு பெராக்சைடு வந்தா ரெட்டை நஷ்டம், வோல்டேஜும் போச்சு, அந்த பெராக்சைடு எங்கயாவது கசிஞ்ச இரும்பு அயனியோட சேந்து ஹைட்ராக்சில் ரேடிக்கலா மாறி செல் நடுவுல இருக்குற நாஃபியான்ங்கிற பிளாஸ்டிக் மெம்பிரேனையே அரிக்க ஆரம்பிச்சுடும். ஆனா பெராக்சைடையே பொருளா பாக்குறவங்களுக்கு அதுதான் லாபம், ஏன்னா இன்னிக்கும் அது பெரும்பாலும் ஆந்த்ராகுயினோன் முறைல பெரிய ஆலைங்கள்ல தயாராகி அடர்த்தியா டேங்கர்ல ஊர் ஊரா போகுது, வேண்டிய இடத்துலயே காத்து தண்ணி கரண்ட் மூணையும் வச்சு நீர்த்த பெராக்சைடு எடுக்க முடிஞ்சா அதுக்குன்னு தனி மவுசு இருக்கு.

ஒரே ரியாக்ஷன், எதிரெதிரா ரெண்டு தேவை. இதை முடிவு பண்ணாம கேட்டலிஸ்ட் தேட ஆரம்பிச்சா ஒரு வருஷம் கழிச்சு ஒரு ஆக்சிஜனுக்கு சராசரியா 3.2 எலக்ட்ரான்னு ஒரு ரிசல்ட் கைல இருக்கும், அது தண்ணிக்கும் ஆகாது பெராக்சைடுக்கும் ஆகாது.

நான் இங்க ஒப்பிடப் போறது போர்ஃபைரின், அதாவது நடுவுல ஒரு உலோகத்தைப் பிடிச்சுக்கிற பெரிய வளைய மூலக்கூறு, அது வழில வந்ததை மட்டும்தான், அதுலயும் தானா கூடி நிக்கிற அமைப்புங்களை, அதாவது செல்ஃப் அசெம்பிளி. போர்ஃபைரின் எதுக்குன்னா கதை பழசு. 1964ல ரேமண்ட் ஜாசின்ஸ்கி கோபால்ட் தாலோசயனினை காரக் கரைசல்ல ஃபியூயல் செல் கேத்தோடா ஓட்டிக் காட்டினாரு, போர்ஃபைரின் மாதிரியே ஒரு வளையம், பெயிண்ட்ல போடுற நீல சாயத்தோட கோபால்ட் வடிவம் அது. அதுலேந்துதான் பிளாட்டினம் இல்லாமயும் முடியும்ங்கிற நம்பிக்கையே வந்துச்சு. ஆனா ஒத்தை கோபால்ட் போர்ஃபைரின்ல ஒரு சிக்கல், கோபால்ட் +2 நிலைலேந்து +3 நிலைக்கு போய் ஒரு எலக்ட்ரான் குடுக்கும், ஆக்சிஜன் ஒரு முனைல மட்டும் ஒட்டும், இன்னொரு எலக்ட்ரானும் ரெண்டு புரோட்டானும் வந்த உடனே பெராக்சைடா கழண்டு போயிடும். ரெண்டு ஆக்சிஜனுக்கு நடுவுல இருக்குற பாண்டு உடையவே உடையாது. உடைக்கணும்னா அந்தப் பக்கமும் ஒருத்தன் புடிச்சு இழுக்கணும். நம்ம உடம்புல சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ்ங்கிற நொதி பண்றது அதான், ஹீம்ங்கிற போர்ஃபைரின்ல இருக்குற இரும்பு ஒரு பக்கம், சுமார் 5 ஆங்ஸ்ட்ராம் தள்ளி காப்பர் எதிர்ப்பக்கம், கூடவே புரோட்டானும் எலக்ட்ரானும் குடுக்க டைரோசின்ங்கிற ஒரு அமினோ அமிலம்.

இதைப் பாத்துதான் ஸ்டான்ஃபோர்டுல ஜேம்ஸ் கோல்மனும் கால்டெக்ல ஃபிரெட் ஆன்சனும் ரெண்டு கோபால்ட் போர்ஃபைரினை முகத்துக்கு முகம் வச்சு கட்டினாங்க, 1980ல பேப்பர் வந்துச்சு. நாலு அணு நீளமுள்ள பாலத்தால கட்டினது கிராஃபைட் மேல அமிலத்துல ஆக்சிஜனை நேரா தண்ணியாக்குச்சு. பாலத்தை இன்னும் ஒண்ணு ரெண்டு அணு நீட்டினா பெரும்பாலும் பெராக்சைடுதான். தூரம்தான் எல்லாம்னு எல்லாரும் நம்ப ஆரம்பிச்சது அங்கதான்.

ஆனா அந்த மாதிரி கோவேலன்ட் டைமரை, அதாவது சுலபத்துல கழலாத பாண்டால கோத்த ஜோடியை, நீங்க ஒரு லேப்ல உக்காந்து பண்ணிப் பாருங்க தெரியும். நீர்த்த கரைசல்ல ரெண்டு போர்ஃபைரினை நாலு இடத்துல சரியா கோக்கணும், தப்பா கோத்தது எல்லாம் பாலிமரா போகும், அப்புறம் கலவையைப் பிரிச்செடுக்க காலம் க்ரோமட்டோகிராஃபி மேல காலம் க்ரோமட்டோகிராஃபி, எல்லாம் ஒரே கருஞ்சிவப்பு கலர்ல இறங்கும், கடைசில குடுவை அடில ஒட்டிக்கிட்டு இருக்குற சில மில்லிகிராம். அதுல எலக்ட்ரோகெமிஸ்ட்ரியும் பண்ணணும், கிரிஸ்டலும் வளக்கணும், ரிவ்யூவர் கேட்டா திரும்பவும் பண்ணணும். தூரத்தை மாத்தணும்னா முதல் ஸ்டெப்லேந்து வேற சின்தசிஸ். கோவேலன்ட் வழியோட அறிவியல் அருமை, அதுல சந்தேகமே இல்ல, ஆனா உங்ககிட்ட நல்ல ஆர்கானிக் கை இல்லன்னா இதைத் தொட வேண்டாம்னுதான் சொல்லுவேன். ஒரே விதிவிலக்கு பின்னாடி வருது.

இப்ப செல்ஃப் அசெம்பிளி வழி. 2017ல பஃபலோ பல்கலைக்கழகத்துல டிமதி குக் குழு ஒரு கோபால்ட் ப்ரிஸம் பண்ணாங்க. நாலு மூலைல பிரிடின்ங்கிற நைட்ரஜன் உள்ள வளையம் வச்ச கோபால்ட் போர்ஃபைரின் ரெண்டு, நடுவுல தூண் மாதிரி நாலு அரீன்-ருத்தேனியம் கிளிப் (ரெண்டு ருத்தேனியத்தை ஒரு பாலம் இணைக்கிற துண்டு), மொத்தம் ஆறு துண்டு, ஒரே ஸ்டெப்ல கூடி முகத்துக்கு முகம் நிக்கும். மொத்த யீல்டு 53 சதவீதம், காலம் க்ரோமட்டோகிராஃபி ஓட்டவே இல்ல. இது எப்படி நடக்குதுன்னா ருத்தேனியம்-பிரிடின் பாண்டு திரும்பவும் கழண்டு ஒட்டக் கூடியது, தப்பா ஒட்டினது பிரிஞ்சு மறுபடி தேடும், கடைசில எது ரொம்ப நிலையா இருக்கோ அதுல வந்து உக்காந்துடும். எலக்ட்ரான் குடுக்குற ரசாயன ரிடக்டன்ட் போட்டு பாத்தப்ப ஒரு மணி நேரத்துக்கு ஒத்தை போர்ஃபைரின் 6 சுத்து (ஒரு சுத்துன்னா கேட்டலிஸ்ட் ஒரு தடவை ரியாக்ஷனை முடிக்கிறது), ப்ரிஸம் 66 சுத்து. பதினோரு மடங்கு. முகத்துக்கு முகம் வச்சதுக்கு கிடைச்ச பலன்.

இதுல மயங்கிடாதீங்க. மணிக்கு 66ன்னா நிமிஷத்துக்கு ஒண்ணு சொச்சம், கரைசல்ல ஃபெர்ரோசீன் மாதிரி ஒண்ணை வச்சு அளந்தது, ஓடுற ஃபியூயல் செல்லுக்கு இது எந்த மூலைக்கும் பத்தாது. அப்புறம் முக்கியமான விஷயம், ஒரு ப்ரிஸத்துல கோபால்ட் ரெண்டு, ருத்தேனியம் எட்டு. பிளாட்டினம் விலை ஜாஸ்தின்னு கிளம்பி அதே பிளாட்டினம் குடும்பத்து உலோகத்தை எட்டு பேரா கூட்டிட்டு வர்றோம். இந்த மாதிரி அமைப்பு பண்ணிட்டு இன்ட்ரோடக்ஷன்ல விலை மலிவான கேட்டலிஸ்ட்னு எழுதுறது முழு பூசணிக்காயை சோத்துல மறைக்கிற வேலை. ப்ரிஸம் ஒரு கேள்விக்கு பதில் தேடுற கருவி, அப்படி எழுதினா அதுல எந்தத் தப்பும் இல்ல.

என்ன கேள்வின்னா, தூரம். கிளிப்புக்கு நடுவுல இருக்குற பாலத்தை மாத்தினா போதும், ஆக்சலேட் போட்டா ருத்தேனியம்-ருத்தேனியம் தூரம் சுமார் 5.5 ஆங்ஸ்ட்ராம், டைஹைட்ராக்சி பென்சோகுயினோன் போட்டா 7.9, நாஃப்தோகுயினோன் வகை போட்டா 8.4 கிட்ட. போர்ஃபைரின் அதே போர்ஃபைரின், வேலை அதே ஒரு ஸ்டெப். கோவேலன்ட் வழில மூணு தீசிஸ் ஆகுற விஷயம் இங்க ஒரு சேப்டர். குக் குழுவே அடுத்த வருஷம் இப்படி கிளிப்பை மாத்தி மாத்தி எலக்ட்ரோடு மேல போட்டு பாத்தாங்க.

செய்முறைல கவனிக்க வேண்டியது ரெண்டு மூணு இருக்கு. கிளிப் முதல்ல குளோரைடோட வரும், அதை எடுக்க சில்வர் ட்ரிஃப்ளேட்ங்கிற உப்பைப் போடுவோம், வெள்ளையா சில்வர் குளோரைடு படியும், செலைட் பொடி வழியா வடிகட்டி அந்த கரைசல்ல போர்ஃபைரினை போடணும். சில்வர் கொஞ்சம் கம்மியானா குளோரைடு ஒட்டிக்கிட்டே இருக்கும், கூண்டு முழுசா மூடாது. ஜாஸ்தியானா அது இன்னும் மோசம், மிச்ச சில்வர் எலக்ட்ரோடு மேல போய் உலோகமா படிஞ்சு, காரத்துல சில்வரே நல்ல ஆக்சிஜன் ரிடக்ஷன் கேட்டலிஸ்ட், நீங்க ப்ரிஸத்தோட ஆக்டிவிட்டின்னு சந்தோஷமா வரையிற கோடு சில்வரோட கோடா இருக்கலாம். அப்புறம் +2 நிலை கோபால்ட் பாராமேக்னடிக், அதாவது ஜோடி சேராத எலக்ட்ரான் உள்ளது, மூலக்கூறு அமைப்பைக் காட்டுற என்எம்ஆர் பீக் எல்லாம் பரந்து எங்கயோ ஓடிப் போயிருக்கும், அதனால முதல்ல ஜிங்க் ப்ரிஸம் பண்ணி என்எம்ஆர்ல அமைப்பை உறுதி பண்ணிட்டு கோபால்டுக்கு நிறையை அளக்குற மாஸ் ஸ்பெக்ட்ரம் நம்பி போகணும். மாஸ்லயும் ருத்தேனியத்துக்கு ஏழு ஐசோடோப், எட்டு ருத்தேனியம் சேந்தா பீக் ஒரு மேடு மாதிரி விரிஞ்சு கிடக்கும், அந்த மேட்டுக்குள்ள அடுத்தடுத்த கோட்டுக்கு நடுவுல இடைவெளி 0.25ஆ இருந்தா சார்ஜ் நாலு, 0.20ஆ இருந்தா அஞ்சு. இடைவெளியை பாக்காம நிறையை மட்டும் பாத்து கூண்டு வந்துடுச்சுன்னு எழுதாதீங்க, பாதி உடைஞ்ச துண்டு பாதி சார்ஜோட அதே இடத்துல வந்து நிக்கும்.

அந்த ஜிங்க் ப்ரிஸத்தை தூக்கிப் போடாதீங்க, அதுதான் உங்க முக்கியமான கன்ட்ரோல். ஏன்னு சொல்றேன். 1991 வாக்குல ஆன்சன் லேப்ல ஒரு வேலை நடந்துச்சு, இதே கோபால்ட் டெட்ராபிரிடில் போர்ஃபைரினோட மூலைங்கள்ல ருத்தேனியம் அம்மைன், அதாவது அம்மோனியா சேந்த ருத்தேனியம், ஒட்ட வச்சா ஒத்தை போர்ஃபைரினே, எதிர்ல யாருமே இல்லாம, ஆக்சிஜனை நாலு எலக்ட்ரான் வழியா தண்ணியாக்குச்சு. அதாவது பிரிடின்ல உக்காந்திருக்கிற ருத்தேனியம் வெறும் தூண் இல்ல, கோபால்டோட எலக்ட்ரான் நிலைமையை மாத்தக் கூடியது. அரீன்-ருத்தேனியம் அந்த அம்மைன் வகை மாதிரி இல்லதான், ஆனாலும் ப்ரிஸம்ல வர்ற பலன் முகத்துக்கு முகம் வச்சதாலயா, மூலைல ருத்தேனியம் வந்ததாலயான்னு யாராவது கேட்டா கைல பதில் இருக்கணும். ஜிங்க் ப்ரிஸம் ஒண்ணு, ஒத்தை கோபால்ட் போர்ஃபைரின்ல மூலைக்கு ஒரு ருத்தேனியம் வச்சு எதிர்முகம் இல்லாம ஒண்ணு, இந்த ரெண்டும் இல்லாத ப்ரிஸம் பேப்பரை நான் பாதிதான் நம்புவேன்.

தூரம்தான் எல்லாம்னு சொன்னேன்ல, அதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. எம்ஐடில டேனியல் நோசெரா குழு வாய் திறந்து மூடுற மாதிரி ஒரு பக்கம் மட்டும் கட்டின டைமர் பண்ணாங்க, பேக்மேன்னு பேரு. டைபென்சோஃபியூரான் தூண் வச்சதுல கிரிஸ்டல்ல கோபால்ட்-கோபால்ட் தூரம் 8 ஆங்ஸ்ட்ராமுக்கும் மேல, ஆனாலும் பெரும்பாலும் தண்ணிதான் வந்துச்சு, ஏன்னா அந்த வாய் தேவைப்பட்டா மூடும். அப்ப கிரிஸ்டல்ல அளந்த தூரத்தை மட்டும் வச்சு முடிவெடுக்க முடியாது, எவ்வளவு அசையும்ங்கிறதும் கணக்கு. ப்ரிஸத்துல நாலு பக்கமும் தூண், மூட முடியாது, கொஞ்சம் முறுக்கலாம், அவ்வளவுதான். இதை சிலர் குறைன்னு சொல்லுவாங்க, எனக்கு இது வசதியா படுது, ஏன்னா தூரத்தோட பலனை மட்டும் தனியா பாக்க இறுக்கமான அமைப்புதான் நல்லது.

ப்ரிஸத்தோட உண்மையான பலவீனம் ரெண்டு. முதல்ல அமிலம், பிரிடினியத்தோட (புரோட்டான் ஒட்டின பிரிடின்) பிகேஏ, அதாவது புரோட்டானை விடுற பிஹெச் அளவு, 5 சொச்சம்தான், வலுவான அமிலத்துல ரொம்ப நேரம் வச்சா பிரிடின் ருத்தேனியத்தை விட்டுட்டு புரோட்டானை பிடிச்சுக்கிற வாய்ப்பு எப்பவும் இருக்கு, அதனால ஓட்டி முடிச்ச பிறகு எலக்ட்ரோடுலேந்து கழுவி எடுத்து மறுபடி மாஸ் பாக்கணும். ரெண்டாவது, ரெண்டு முகமும் வேற வேற உலோகம் வேணும்னா செல்ஃப் அசெம்பிளி கைவிட்டுடும். கோபால்ட் போர்ஃபைரினும் ஜிங்க் போர்ஃபைரினும் சமமா கலந்து போட்டீங்கன்னா ரெண்டும் கோபால்ட் ஒரு பங்கு, கலப்பு ரெண்டு பங்கு, ரெண்டும் ஜிங்க் ஒரு பங்குன்னு வரும், மூணும் ஒரே அளவு, ஒரே சார்ஜ், பிரிக்கிறதுங்கிறது கனவு. நான் மேல சொன்ன விதிவிலக்கு இதான், ஒரு பக்கம் கோபால்ட் இன்னொரு பக்கம் வேற உலோகம்னு சுத்தமா வேணும்னா வேர்வை சிந்தி கோவேலன்ட்தான் பண்ணணும்.

சரி, பெராக்சைடு வேணும்ங்கிறவங்களுக்கு? அவங்க ப்ரிஸம் பக்கமே போக வேண்டாம், அவங்களுக்கு கோபால்டுங்க ஒண்ணை ஒண்ணு பாக்கக் கூடாது. 2020ல பெர்க்லில கிறிஸ்டோபர் சாங் குழுவும் தென் கொரியாவுல போஸ்டெக்ல கிமூன் கிம் குழுவும் சேந்து பண்ணது இதுக்கு நல்ல உதாரணம், போர்ஃபைரின் பாக்ஸ்னு பேரு. ஆல்டிஹைடு உள்ள போர்ஃபைரின் ஆறு, ட்ரைஅமைன் எட்டு, 24 இமைன் பாண்டு (கார்பன்-நைட்ரஜன் ரெட்டை பாண்டு) போட்டு ஒரு பெட்டி. ஆறு கோபால்டும் ஆறு முகத்துல தள்ளித் தள்ளி உக்காந்திருக்கும், கிட்ட வந்து ஜோடி சேர முடியாது, நடுநிலை பிஹெச்ல பெராக்சைடு செலக்டிவிட்டி 90 சதவீதத்துக்கு மேல. அதே மாதிரி ஒத்தை போர்ஃபைரினை கார்பன் மேல சும்மா ஊத்தினா செலக்டிவிட்டி நல்லாவே விழுது, ஏன்னா காஞ்ச உடனே அது ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிக்கும், அடுக்குல சிலது முகத்துக்கு முகம் வந்து தண்ணி பண்ண ஆரம்பிச்சுடும். இந்த பெட்டில ருத்தேனியமும் இல்ல, முழுக்க ஆர்கானிக் பிளஸ் கோபால்ட். அமிலத்துல இமைன் உடையும்ங்கிறதுதான் பயம், நடுநிலைலயே வேலை பண்றவங்களுக்கு அது பிரச்சனையும் இல்ல.

அந்த அடுக்குற பழக்கத்தையே லாபமா மாத்தலாம், இதை நிறைய பேர் மறந்துட்டாங்க. 1997 கிட்ட ஆன்சன் லேப்லயே எந்த தொங்கலும் இல்லாத வெறும் வளையமான கோபால்ட் போர்ஃபினை கிராஃபைட்ல ஒட்ட வச்சப்ப அது நல்ல பாசிட்டிவ் பொட்டன்ஷியல்லயே நாலு எலக்ட்ரான் ரிடக்ஷன் பண்ணுச்சு, தானா ஜோடி ஜோடியா சேந்துக்குதுங்கிறதுதான் அவங்க விளக்கம். கிளிப் இல்ல, பாலம் இல்ல, செல்ஃப் அசெம்பிளின்னா இதை விட சிக்கனமா எதுவும் கிடையாது. எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு ஆறு மாசம்தான் இருக்குன்னா நான் இதைத்தான் தருவேன். குறை என்னன்னா எத்தனை ஜோடி, எவ்வளவு தூரம், எதுவும் உங்க கட்டுப்பாட்டுல இல்ல.

எம்ஓஎஃப் (உலோகமும் ஆர்கானிக் துண்டும் கோத்த வலை), சிஓஎஃப் (ஆர்கானிக் துண்டுங்களை கோவேலன்ட்டா கோத்த வலை) பத்தி சுருக்கமா. அழகா இருக்கும், துளை இருக்கும், ஆனா பெரும்பாலானது கரண்ட் கடத்தாது, எலக்ட்ரான் ஒவ்வொரு போர்ஃபைரினா தாவித் தாவி போகணும், எலக்ட்ரோடுக்கு பக்கத்துல இருக்குற மெல்லிசு படலம்தான் வேலை செய்யும், மேல இருக்குறது பாரம். கடத்துற வகை இருக்கு, 2016ல மிர்சியா டிங்கா குழு நிக்கல் வச்சு பண்ணது காரத்துல ஆக்சிஜனை ரிடியூஸ் பண்ணுச்சு, அது வேற பாதை. தங்கம் மேல தயோல் மோனோலேயர், அதாவது கந்தகத்தால ஒட்டுற ஒரே மூலக்கூறு தடிமன் படலம், போட்டு இரும்பு போர்ஃபைரினை நிறுத்துறதும் ஒரு வழி, கோல்மன் குழு 2007ல அப்படித்தான் எலக்ட்ரானை வேணும்னே மெதுவா அனுப்பி பாத்தாங்க, நொதிக்கும் உடம்புல எலக்ட்ரான் மெதுவாத்தான் வருது, பட்டினி போட்டாலும் பெராக்சைடு விடாம தண்ணி பண்ணுதாங்கிறதுதான் நிஜ பரீட்சை. கொல்கத்தா ஐஏசிஎஸ் ஆராய்ச்சி நிலையத்துல அபிஷேக் டே குழு இந்தப் பாதைல நிறைய செஞ்சிருக்காங்க, இரும்பு பிடிக்கும்ங்கிறவங்க அங்கேந்து படிக்க ஆரம்பிக்கலாம்.

டிவைஸ்தான் வேணும், கார் ஓடணும், அப்படின்னா இந்தக் கூண்டு எதுவும் வேண்டாம். 1976லயே ஜெர்மனில யாங்கெ குழு போர்ஃபைரின் மாதிரி வளையங்களை கார்பனோட சேத்து சூடு பண்ணா ஆயுளும் ஆக்டிவிட்டியும் ஏறுதுன்னு எழுதினாங்க, இப்ப 900 டிகிரி சுமார்ல வறுத்து எடுக்குற இரும்பு-நைட்ரஜன்-கார்பன் அந்த வழில வந்ததுதான், 2011ல அமெரிக்காவோட லாஸ் அலமாஸ் லேப்ல பாலிஅனிலின்ங்கிற பாலிமர் வச்சு பண்ணதுதான் ரொம்ப பேர் திரும்பிப் பாத்த ஒண்ணு. அதுல மூலக்கூறுன்னு ஒண்ணு மிஞ்சாது, என்ன அமைப்புன்னு வருஷக்கணக்கா சண்டை, ஆனா 80 டிகிரி அமிலத்துல கூண்டை விட பல மடங்கு தாக்குப் பிடிக்கும். சென்னைல இருக்குறவங்க செல் கட்டிப் பாக்கணும்னா தரமணில சிக்ரியோட (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) யூனிட் இருக்கு, கூண்டு கட்டக் கத்துக்கணும்னா பெங்களூர் ஐஐஎஸ்சில பார்த்த சாரதி முகர்ஜி குழு மாதிரி இடம். ரெண்டும் ரெண்டு தொழில், ஒரே தீசிஸ்ல ரெண்டையும் அடக்கப் பாக்குறவங்க ரெண்டுலயும் அரைகுறையா நிப்பாங்க.

எதை எடுத்தாலும் ஒப்பிடப் போறது சுழலும் ரிங்-டிஸ்க் எலக்ட்ரோடுல, அதாவது நடுவுல கேட்டலிஸ்ட் போட்ட டிஸ்க்கும் சுத்தி ஒரு ரிங்கும் உள்ளதுலதான், அங்கதான் ஏமாறவும் போறோம். டிஸ்க்ல உண்டாகுற பெராக்சைடு வெளிய வீசப்பட்டு ரிங்ல ஆக்சிடைஸ் ஆகும், ஆனா ரிங் எல்லாத்தையும் பிடிக்காது, கடைல வாங்குறதுல டிசைனைப் பொறுத்து 25 இல்ல 37 சதவீதம்தான் பிடிக்கும். உதாரணத்துக்கு டிஸ்க் கரண்ட் 0.50 மில்லி ஆம்பியர், ரிங்ல 0.025, பிடிப்பு 0.25ன்னு வைங்க. ரிங்கை பிடிப்பால வகுத்தா 0.10, அதை 200ஆல பெருக்கி டிஸ்க்கும் இதுவும் சேந்த 0.60ஆல வகுத்தா பெராக்சைடு 33 சதவீதம், எலக்ட்ரான் 3.3. இப்ப ரிங் அழுக்காகி நிஜமான பிடிப்பு 0.20ஆ குறைஞ்சிருந்தா அதே அளவுக்கு பெராக்சைடு 40 சதவீதம். ஏழு சதவீதம் ரிங்கோட அழுக்குல ஒளிஞ்சிருந்திருக்கு. ஃபெர்ரிசயனைடு போட்டு பிடிப்பை அன்னன்னிக்கு அளக்காதவங்க 5 சதவீத வித்தியாசத்தை கிளிப் நீளத்தோட பலன்னு எழுதினா சிரிப்புதான் வருது.

அதை விட பெரிய பொறி லோடிங், அதாவது எலக்ட்ரோடு மேல எவ்வளவு கேட்டலிஸ்ட் போடுறோம்ங்கிறது. கேட்டலிஸ்ட் படலம் தடியா இருந்தா உள்ள உண்டான பெராக்சைடு வெளிய வர்றதுக்குள்ள பக்கத்து மூலக்கூறுல மோதி மறுபடி ரிடியூஸ் ஆகி தண்ணியாயிடும், ரிங் அதைப் பாக்கவே பாக்காது, ரெண்டு எலக்ட்ரான் கேட்டலிஸ்ட் நாலு எலக்ட்ரான் வேஷம் போடும். லோடிங்கை பாதி, கால்னு குறைச்சுக்கிட்டே போய் பெராக்சைடு ஏறுதான்னு பாருங்க, நைட்ரஜன்ல ஆக்சிஜனை வெளியேத்திட்டு பெராக்சைடை நேரா ஊத்தி அது ரிடியூஸ் ஆகுதான்னும் பாருங்க. முடிஞ்சா கரைசல்லயும் ஒரு தடவை, டெக்காமெத்தில் ஃபெர்ரோசீன் போட்டு அமிலம் விட்டு 780 நானோமீட்டர் கிட்ட ஏறுற பீக்கை எண்ணுங்க, அங்க படலமும் இல்ல அடுக்கும் இல்ல, ஒரு ஆக்சிஜனுக்கு எத்தனை எலக்ட்ரான் போச்சுன்னு நேரா தெரியும்.

இவ்வளவுக்கும் அப்புறம், மூணு நாலு வருஷம் கைல இருக்கு, இன்ஆர்கானிக் லேப், கேள்வி மேல ஆசை, டிவைஸ் மேல இல்லன்னா நான் ப்ரிஸத்தைத்தான் எடுப்பேன், அதுலயும் ஆக்சலேட் கிளிப்லேந்து ஆரம்பிப்பேன். பாலம்னு பாத்தா அதுதான் சின்னது, மலிவு, தூண்ல ருத்தேனியம் தூரம் 5.5 ஆங்ஸ்ட்ராம்தான்ங்கிறதால கோபால்டுங்க நடுவுல ஆக்சிஜன் ரெண்டு பக்கமும் ஒட்ட வாய்ப்பு ஜாஸ்தி. அது தண்ணி பக்கம் சாஞ்சுச்சுன்னா மத்த ரெண்டு கிளிப்பும் தன்னால ஒப்பீடா வந்து நிக்கும், சாயலன்னா பென்சோகுயினோன் கிளிப் 2017லயே ஓடிக் காட்டின அமைப்பு, அந்த 66ஐ உங்க கையால மறுபடி எடுக்க முடியுதான்னு பாத்துட்டு அங்கேந்து போகலாம்.